தக்க, உரிய, தகுதியான: பெறவேண்டியதைச் சுட்டும் அடைச்சொற்கள்

ஒருவர் செய்த செயலுக்கு ஈடாக அவர் அடையும் பயனை, அஃது அவருக்குச் சேரவேண்டியதே என்னும் குறிப்போடு உரைப்பதற்குத் தமிழில் சில அடைச்சொற்கள் வழங்குகின்றன. தக்க, தகுந்த, உரிய, ஏற்ற, தகுதியான என்பன அவற்றுள் பெருவழக்கானவை. இருமொழி அகராதிகள் இவற்றை ஒன்றற்கொன்று பொருளாகத் தருவதும், மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றுள் முதலில் கைக்கு வருவதை எடுத்தாள்வதும் வழக்கமாகிவிட்டன. ஓசையையும் நடையையும் மட்டும் கருதிச் செய்யப்படும் இத்தேர்வு பல இடங்களில் பொருளைத் திரித்துவிடுகிறது. விருதுச் செய்திகளில் இத்திரிபு நடைப்பிழை என்ற அளவில் நின்றுவிடும். கூலி, இழப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பேசும் ஆவணங்களில் அஃது அவ்வளவில் நிற்பதில்லை.

விருது பெற்ற ஒருவரைப் பாராட்டும்போது ‘தகுதியானவருக்குத் தகுதியான விருது’ என எழுதுவது இன்று இயல்பாகக் காணப்படுகிறது. இத்தொடரில் முதலில் வரும் ‘தகுதியான’ பிழையற்றது. விருதைப் பெறும் தகுதி ஒருவரிடம் உண்டு என அது கூறுகிறது. இரண்டாவது ‘தகுதியான’ என்ன கூறுகிறது? தகுதி விருதிடம் உள்ளதாகவே இலக்கணப்படி பொருள்படும். விருது எதற்குத் தகுதி பெற்றது என்னும் வினாவுக்குத் தொடரில் விடை இல்லை. எழுதியவர் கருதியது ‘அவர் பெறவேண்டிய விருது’ என்பதே. ஆங்கிலத்தில் ‘டிசர்வ்டு’ என்பது பரிசின்மேலும் ‘டிசர்விங்’ என்பது பெறுபவர்மேலும் நிற்கும். அவ்விரண்டையும் ‘தகுதியான’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கும் பழக்கத்தின் விளைவே இத்தொடர். பெறுபவர்மேல் நிற்கவேண்டிய அடை, பெறப்படும் பொருள்மேல் ஏறிவிட்டது.

அடைகளும் அவற்றின் திசையும்

தகு என்னும் வினையடி திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ‘தக்க’ என்றும் தெலுங்கில் ‘தகின’ என்றும் அதன் எச்ச வடிவங்கள் வழங்குகின்றன. தமிழில் புகு என்பது புக்க என்றும் நகு என்பது நக்க என்றும் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவது போலவே தகு என்பதும் தக்க என்றாகிறது. ‘தகுந்த’ என்பது அதே அடி வேறு இடைநிலை பெற்ற வடிவம். வடிவத்தால் இறந்தகாலப் பெயரெச்சமாயினும் இவை காலம் உணர்த்துவதில்லை. ‘நாளை வரவிருக்கும் விருந்தினருக்குத் தக்க அறை’ என்பதில் எதிர்கால நிகழ்வோடு ‘தக்க’ முரணின்றி நிற்கிறது. இத்தகைய சொற்களைப் பெயரடை என்னும் தனிவகையாகக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். உரிய என்பதோ காலம் காட்டும் உறுப்பே இல்லாத குறிப்புப் பெயரெச்சம்.

பெயரடை என வகைப்படுத்தியதால் இச்சொற்கள் நல்ல, பெரிய, சிறிய போன்றவற்றோடு ஒன்றாகிவிடுவதில்லை. ‘நல்ல கூலி’ என்பது கேட்டவுடன் நிறைவு பெறுகிறது. ‘தக்க கூலி’ என்பதைக் கேட்டவுடன் ‘எதற்குத் தக்க?’ என்னும் வினா எழுகிறது. உரையாசிரியர்கள் அவாய்நிலை எனக் குறிப்பிடும் தேவையை இச்சொற்கள் தம் வினையடியிலிருந்தே கொண்டுவருகின்றன. அத்தேவையை நிறைவேற்றுவது நான்காம் வேற்றுமை.

(1) குற்றத்துக்குத் தக்க தண்டனை
(2) உழைப்புக்குத் தக்க கூலி
(3) விரலுக்குத் தகுந்த வீக்கம்

இம்மூன்றிலும் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பது அளவுகோல். அடைகொளியாக நிற்பது அளக்கப்படும் பொருள். குற்றத்தைக் கொண்டு தண்டனையை அளக்கிறோம். உழைப்பைக் கொண்டு கூலியை அளக்கிறோம். இத்திசையை மாற்ற இயலாது. ‘தண்டனைக்குத் தக்க குற்றம்’ என்றால், தண்டனை முதலில் முடிவாகி அதற்கேற்பக் குற்றம் தேடப்பட்டது போன்ற விபரீதப் பொருளே கிடைக்கும்.

உரிய என்பது இவ்வகையில் வேறுபட்டது.

(4) குற்றத்துக்குரிய தண்டனை
(5) தண்டனைக்குரிய குற்றம்

இரண்டும் வழுவற்ற தமிழே. உரிமை என்பது இரு பொருள்களுக்கிடையே நிலவும் உறவு. அதன் இரு முனைகளில் எம்முனையிலிருந்தும் மறுமுனையைச் சுட்டலாம். பாராட்டுக்குரியவர், அவருக்குரிய பாராட்டு. நன்றிக்குரியவர், அவருக்குரிய நன்றி ஆகியவையும் இவ்வாறே அமைவன. நூல்களின் முன்னுரைகளில் ‘நன்றி உரித்தாகுக’ என எழுதும் மரபில் இவ்வடியின் வலிமை தெளிவாகப் புலனாகும். நன்றியை ஒருவரின் உடைமையாக்கி ஒப்படைப்பது அத்தொடர்.

தகுதியான என்பது மூன்றாவது திசையைக் காட்டுகிறது. ‘பரிசுக்குத் தகுதியான நூல்’ என்பது இயல்பு. ‘நூலுக்குத் தகுதியான பரிசு’ என்பது தமிழ்க் காதுக்குப் பொருந்துவதில்லை. இங்கே பரிசே அளவுகோல். நூல் அதன்முன் சோதனைக்கு நிற்கிறது. ஆக, ‘தக்க’ என்பது செயலைக் கொண்டு பயனை அளக்கிறது. ‘உரிய’ என்பது பயனை ஒருவரின் உடைமையாகக் காட்டுகிறது. ‘தகுதியான’ என்பது பெறுபவரைச் சோதிக்கிறது. இம்மூன்றையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வதே தவற்றின் தொடக்கம்.

தக்க என்பது செய என் எச்சத்தோடு சேரும்போது நிலைமை வேறாகிறது. பாராட்டத்தக்க, வெறுக்கத்தக்க, தண்டிக்கத்தக்க என்பவற்றில் அது தனிச்சொல்லாக நில்லாமல் ஈறு போலவே இயங்குகிறது. திசையும் மாறி, அடைகொளி செயலுக்கு இலக்காகிறது. இவ்வமைப்பு தற்கால உரைநடையில் மிகுந்த ஆக்கம் பெற்றுள்ளது. ஆய்வுக் கட்டுரைகளில் இதன் நிலை சற்று இரங்கத்தக்கது. கருதத்தக்கது, நோக்கத்தக்கது, குறிப்பிடத்தக்கது என முடியும் வாக்கியங்களில் எதுவும் எதற்கும் தகுவதாகச் சொல்லப்படுவதில்லை. முற்றுப்புள்ளி செய்யும் வேலையையே ‘தக்கது’ செய்துகொண்டிருக்கிறது.

தகவும் கொடையும்

நான்காம் வேற்றுமையின் பொருள்களைத் தொகுக்கும் நன்னூல், கொடை, பகை, நேர்ச்சி, தகவு என்று தொடங்கும் வரிசையில் கொடையையும் தகவையும் தனித்தனியே எண்ணியுள்ளது. தொல்காப்பியம் அதற்குப் படுபொருள், அதற்கு யாப்புடைமை என இரு பொருள்களைப் பிரித்துக் கூறுகிறது. பொதுப்பொருளைப் பகுக்குமிடத்து ஒருவர் பங்கில் விழுவது படுபொருள். ஒன்றற்கு ஒன்று பொருத்தமுடையதாக அமைவது யாப்புடைமை. முன்னதை ‘உரிய’ என்பதன் நிலைக்களமாகவும் பின்னதைத் ‘தக்க’ என்பதன் நிலைக்களமாகவும் கொள்வது மிகையாகாது. பங்கு வேறு, பொருத்தம் வேறு என்பதை இலக்கணிகள் கண்டிருந்தனர். இன்றைய அகராதிகளில் அவ்வேறுபாடு மங்கிவிட்டது.

இவ்வேறுபாட்டின் பயனைக் கீழ்வரும் வாக்கியத்தில் காணலாம்.

(6) உழைப்பவர்களுக்குத் தக்க ஊதியம் வழங்கப்படும்.

இங்கே ‘உழைப்பவர்களுக்கு’ என்பது எச்சொல்லோடு முடிகிறது? ‘தக்க’ என்பதோடு முடிந்தால் வேற்றுமைப் பொருள் தகவு: உழைப்பவர்களின் நிலைக்கும் திறனுக்கும் பொருந்திய ஊதியம் என்றாகும். ‘வழங்கப்படும்’ என்பதோடு முடிந்தால் பொருள் கொடை: பொருத்தமான ஏதோ ஓர் ஊதியம் அவர்களுக்கு வழங்கப்படும் என்றாகும். எழுத்தும் இம்மயக்கத்தைத் தீர்க்க உதவுவதில்லை. இரு பொருளிலும் தகர ஒற்று மிகவே செய்யும். பேச்சில் இசைநிறுத்தம் காட்டும் வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழியில்லை.

கொடைப் பொருளில் கொண்டால் மற்றொன்றும் நிகழ்கிறது. ‘தக்க’ என்பதன் அவாய்நிலை நிறைவுறாமல் நின்றுவிடுகிறது. எதற்குத் தக்க ஊதியம் என்பதற்கு விடை வாக்கியத்துள் இல்லாதபோது, அவ்விடத்தை நிரப்புபவர் யார்? வழங்குபவரே. காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருவோருக்குத் ‘தக்க சன்மானம்’ அளிக்கப்படும் என்னும் விளம்பரத்தைப் படிக்கும் எவரும் அச்சன்மானத்தின் அளவைத் தாம் முடிவு செய்யலாம் என எண்ணுவதில்லை. பொருளை இழந்தவர் மனம்போல் தருவார் என்றே புரிந்துகொள்கின்றனர். அங்கே அதனால் கேடில்லை. அதே அடை ஊதியத்துக்கும் இழப்பீட்டுக்கும் முன்னால் தனித்து நிற்கும்போது, அளவுகோல் ஓசையின்றி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிவிடுகிறது. ‘உழைப்புக்குத் தக்க ஊதியம் உழைப்பவர்களுக்கு வழங்கப்படும்’ என ஒரே ஒரு சொல்லைக் கூட்டினால் இம்மயக்கம் நீங்கும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கத் தயங்குவது இயல்பே. ஆயினும் ஆங்கில அடையில் உள்ளடங்கியிருக்கும் அளவுகோலைத் தமிழ் அடை வெளியே கேட்கிறது என்பதை உணர்ந்தால், அது சேர்த்தல் ஆகாது; நிறைத்தலே ஆகும்.

ஓர் ஆங்கில அடையின் வரலாறு

இம்மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கு நல்லதோர் உரைகல்லாக அமைவது ‘கண்டைன்’ என்னும் ஆங்கிலப் பெயரடை. தகுதியுடைய எனப் பொருள்படும் ‘டிக்னுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லோடு முன்னொட்டுச் சேர்ந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. முற்றிலும் ஈடான தகுதியுடையது என்பது அதன் தொடக்கப் பொருள். பாராட்டுக்கும் அடையாகலாம், தண்டனைக்கும் அடையாகலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே இரு ஆட்சியும் உண்டு. இன்பியல் நாடகம் ஒன்றில் சொல்லலங்காரத்தில் மயங்கிய ஸ்பானியப் பாத்திரம் ஒருவன் தன் ஏவலனைப் பாராட்டும்போது இச்சொல்லை ஆள்கிறான். ஆறாம் ஹென்றியின் இரண்டாம் பாகத்தில் அது தண்டனைக்கு அடையாகிறது. டியூடர் காலச் சட்டங்களில் தண்டனையோடு மட்டுமே அடுத்தடுத்து வழங்கியதால் பாராட்டுப் பொருள் தேய்ந்தது. 1755இல் வெளிவந்த அகராதியில் ஜான்சன், இச்சொல் குற்றத்தால் நேர்வதையே எப்போதும் குறிக்கும் என்று எழுதிவைத்தார். நற்பயனுக்கும் தீப்பயனுக்கும் பொதுவாயிருந்த அடை தண்டனைக் கூண்டுக்குள் அடைபட்டது. கால்பிரெய்த் 1983இல் வெளியிட்ட நூலில் அதிகாரத்தை மூவகைப்படுத்தியபோது, அச்சுறுத்திப் பணியவைக்கும் வகைக்கு இவ்வடையையே பெயராக்கி, வெகுமதி கொடுத்துப் பணியவைக்கும் வகைக்கு எதிராக நிறுத்தினார். வெகுமதியையும் குறித்த சொல் வெகுமதிக்கு எதிர்ச்சொல் ஆயிற்று. அந்நூலை மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்த்துத் ‘தக்க அதிகாரம்’ என எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘ஒறுக்கும் அதிகாரம்’ என்பதே அங்குப் பொருந்தும்.

இச்சொல்லுக்கு இறையியலில் மற்றொரு வாழ்வு உண்டு. இடைக்கால இலத்தீன் இறையியலார் மனிதரின் நற்செயலுக்குக் கிடைக்கும் பலனை இருவகையாகப் பிரித்தனர். செயலின் மதிப்புக்கு ஈடாக, நீதிப்படி கொடுத்தே தீரவேண்டிய பலன் ஒன்று. கட்டாயமில்லை எனினும் கொடுப்பவரின் பெருந்தன்மைக்குப் பொருத்தமாக அமையும் பலன் மற்றொன்று. முன்னதைக் குறிக்க ‘கண்டைன்’ என்பதன் இலத்தீன் மூலமும் பின்னதைக் குறிக்கப் பொருத்தத்தைச் சுட்டும் வேறொரு சொல்லும் வழங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழில் இவ்விரண்டையும் பெயர்க்கக் கருதுபவர் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. கொடுத்தே தீரவேண்டியது ‘உரிய’ பலன். கொடுப்பவருக்கு அழகாய் அமைவது ‘தக்க’ பலன். அதே ‘கண்டைன்’ சட்டத்தில் தண்டனைக்கு அடையாகும்போது, குற்றத்தின் அளவு கருதப்படுவதால், ‘தக்க தண்டனை’ என்பது பொருத்தம். ஆங்கில அடை ஒன்றே. தமிழில் துறைக்கேற்ப இரு சொற்கள் வேண்டப்படுகின்றன. அகராதியில் முதலிற் காணும் நேர்ச்சொல்லை எல்லா இடத்தும் இடுவதால் வரும் இடர்ப்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சொல் அரிது.

பழைய விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இதே சிக்கலுக்கு மற்றொரு வழி கண்டனர். லூக்கா எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வேலையாளையும் கூலியையும் இணைக்கும் கிரேக்கப் பெயரடையை அவர்கள் ‘பாத்திரன்’ என்னும் பெயராக்கி, கூலிக்கு நான்காம் வேற்றுமை கொடுத்தனர். அடை கூலியை விட்டு ஆளின்மேல் ஏறியது. மூலத்தின் திசையும் அதுவே. வடமொழிவழி வந்த இச்சொல் இன்றும் ‘அன்புக்குப் பாத்திரமான’, ‘கோபத்துக்குப் பாத்திரமான’ என நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவாக வழங்குகிறது. அருகதை என்பதற்கு இந்நடுநிலை வாய்க்கவில்லை. தகுதியுடையோன் எனப் பொருள்பட்டு அருகக் கடவுளின் பெயராகவும் அமைந்த அடியிலிருந்து வந்த அச்சொல், இன்று ‘பேச அருகதை இல்லை’ என எதிர்மறையில்தான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது.

‘தக்க’ என்பதும் ‘கண்டைன்’ சென்ற வழியில் சிறிது சென்றுள்ளது. தக்க பாடம், தக்க பதிலடி, தக்க தண்டனை என்பன மேடைப்பேச்சிலும் செய்தித்தாளிலும் உறைந்த தொடர்கள். கன்னடத்தில் ‘தக்க சாஸ்தி’ என்பதும் தெலுங்கில் ‘தகின சாஸ்தி’ என்பதும் இதே கடுமையை உடையன. இதனால் ‘அவனுக்குத் தக்க பரிசு கிடைத்தது’ என்னும் வாக்கியத்தில் எள்ளல் உண்டா இல்லையா எனச் சூழல் கொண்டே துணியவேண்டியுள்ளது. ஆயினும் தமிழ் அடை முழுமையாகக் கூண்டுக்குள் செல்லவில்லை. அளவுகோலை வெளிப்படையாக ஏற்கும்போது, உழைப்புக்குத் தக்க பரிசு என்பதுபோல, எள்ளல் அடியோடு அகன்றுவிடுகிறது. நான்காம் வேற்றுமையே அதனைக் காத்து வருகிறது எனலாம்.

ஆவணங்களில்

மத்திய அரசு ஓய்வூதியர்களின் வழக்கு ஒன்றில் 1982 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. நகாரா வழக்கு என அறியப்படும் அதில், 1979 மார்ச் 31 என்னும் எல்லையை வைத்து அதற்குமுன் ஓய்வு பெற்றவர்களைத் தாராளமான புதிய கணக்கீட்டிலிருந்து விலக்கியது செல்லாது என முடிவாயிற்று. ஓய்வூதியம் என்பது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்துக் கிடைக்கும் கொடையோ கருணையோ அன்று, செய்த பணிக்காக எழும் உரிமை என்னும் கருத்தை நீதிமன்றம் அதில் வலியுறுத்தியது. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும் இக்கருத்து நிலைநாட்டப்பட்டிருந்தது. தமிழ்ச் சொற்களைக் கொண்டு நோக்கின், நீதிமன்றம் ஓய்வூதியத்தைக் ‘கொடை’ப் பொருளிலிருந்து எடுத்து ‘உரிய’ என்பதன் எல்லைக்குள் வைத்தது.

ஓய்வூதியம் என்னும் தமிழ்ச் சொல் இத்தீர்ப்போடு இயைவது. ஊதியம் என்பது ஈட்டியது. அதனோடு சேர்த்தே வழங்கப்படும் ‘கிராச்சுவிட்டி’ என்பதற்கு அமைந்த தமிழ்ச் சொல் ‘பணிக்கொடை’. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் அடி அருளையும் நன்கொடையையும் குறிப்பதால் சொல்லுக்குச் சொல் இது சரியான ஆக்கமே. ஆனால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நன்கொடையாக விட்டுவைக்கவில்லை. பொதுவிதியாக ஐந்தாண்டுத் தொடர்பணியை நிபந்தனையாக்கி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என அளவு வகுத்து, கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. சட்டம் சொல்லின் பொருளைக் கடந்து சென்றது; தமிழாக்கம் சொல்லின் அடியிலேயே நின்றுவிட்டது. ‘உரிய பணிக்கொடை’ என எழுதும்போது அடை உரிமையைச் சொல்ல, பெயர் கொடையைச் சொல்கிறது. நிலைபெற்றுவிட்ட கலைச்சொல்லை இனி மாற்றுவது எளிதன்று. அதன்முன் ‘தக்க’ என்னும் அடையை இடாமலிருப்பதாவது மொழிபெயர்ப்பாளரின் கையில் உள்ளது. ‘தக்க பணிக்கொடை’ என்றால் அடையும் பெயரும் சேர்ந்து தொழிலாளியைக் கை நீட்டவைத்துவிடும்.

நிலம் கையகப்படுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் தன் தலைப்பிலேயே இழப்பீட்டை உரிமை எனக் குறித்தது. அதுபற்றிய தமிழ் எழுத்துகளில் நியாயமான இழப்பீடு, உரிய இழப்பீடு, தகுந்த இழப்பீடு என்னும் மூன்றும் வேறுபாடின்றிக் கலந்து வருகின்றன. நிலத்தை இழப்பவர் ‘உரிய இழப்பீடு’ எனக் கேட்கும்போது ‘எனக்கு உரிய’ என்பது தொக்கு நிற்கிறது. அதற்கு மறுமொழியாகத் ‘தகுந்த இழப்பீடு’ தரப்படும் என எழுதப்பட்டால், கேள்வியும் விடையும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முன்னதில் அளவு கேட்பவரைச் சார்ந்தது. பின்னதில் தருபவரைச் சார்ந்தது. நியாயமான என்பது இருவருக்கும் வெளியே உள்ள ஓர் அளவுகோலைச் சுட்டுவதால், சட்டத்தலைப்பின் ஆங்கில அடைக்கு அதுவே நெருக்கமானது.

இவற்றுக்கிடையே ‘உரிய’ என்பதை ஐயமற்ற அடையாகக் கருதிவிடவும் இயலாது. அலுவலகத் தமிழ் அதனையும் தேய்த்துள்ளது. உரிய படிவம், உரிய அலுவலர், உரிய நடவடிக்கை என்பவற்றில் உடைமைப் பொருள் இல்லை. விதிப்படியான, தொடர்புடைய என்னும் பொருளே உள்ளது. ‘உரிய நிவாரணம் வழங்கப்படும்’ என்னும் தொடரை ‘உங்களுக்குச் சேரவேண்டிய நிவாரணம்’ என்றும் ‘விதிகள் இடந்தரும் நிவாரணம்’ என்றும் படிக்கலாம். ‘அவர்களுக்குரிய’ என உடையவரை வெளிப்படச் சொன்னால் முதற்பொருள் உறுதிப்படும். சொல்லாமல் விடுவது பல வேளைகளில் சோம்பலால் அன்று.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுவதாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் மகளிர் உரிமைத் தொகை. உதவித்தொகை என்னும் பழகிய சொல்லை விலக்கி உரிமை என்னும் சொல்லைத் தேர்ந்தது சிறிய செயலன்று. வீட்டு உழைப்பு பலனுக்கு உரியது என்னும் கோட்பாடு அச்சொல்லில் அடங்கியுள்ளது. அதே திட்டத்தின் விதிகளில் பெறுபவர்கள் ‘தகுதி வாய்ந்த’ என்னும் அடையால் வரையறுக்கப்பட்டனர். வருவாய், நிலம் முதலியவற்றின் அளவுகள் தகுதிக்கு எல்லைகளாயின. இவ்வடை பொதுமேடைகளில் விவாதப்பொருளானதை அரசியல் என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. உரிமை என்னும் சொல் ஒருவரைச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. தகுதி என்னும் சொல் சோதனையின்றி நிற்பதில்லை. இரு சொற்களும் ஒரே திட்டத்தில் சந்தித்தபோது மக்கள் அவற்றின் வேறுபாட்டை அகராதியின் துணையின்றியே உணர்ந்தனர்.

எதிர்மறையும் பேச்சுவழக்கும்

நேர்மறையில் மறைந்து நிற்கும் இவ்வேறுபாடுகள் எதிர்மறையில் வெளிப்படுகின்றன. ‘தகாத’ என்பது ‘தக்க’ என்பதன் மறுதலையன்று. தகாத சொல், தகாத நட்பு என ஒழுக்கக் குறைவையே அது உணர்த்துகிறது. பெறக்கூடாத பரிசைத் ‘தகாத பரிசு’ என்றால் கையூட்டு என்றே கேட்பவர் கருதுவர். ‘தகுதியற்ற’ என்பது ஆளுக்குப் பொருந்தும், பயனுக்குப் பொருந்தாது. துன்பியல் நாடகம் பற்றிய ஆங்கிலத் திறனாய்வுகளில் அடிக்கடி வரும், தன் குற்றத்தால் விளையாத துன்பம் என்னும் கருத்தைத் ‘தகுதியற்ற துன்பம்’ எனப் பெயர்த்தால், துன்பம் ஏதோ தேர்வில் தோற்றுவிட்டது போலாகும். ‘செய்யாத குற்றத்துக்கு வந்த துன்பம்’ என விரித்தெழுதுவதே நேரானது. இங்கும் தமிழ் அளவுகோலை வெளியே கொண்டுவந்து வைக்கிறது.

பேச்சுவழக்கு இவ்வடைகள் எதனையும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. தீயவன் ஒருவன் தண்டனை அடைந்தால் ‘அவனுக்கு நல்லா வேணும்’ என்கின்றனர். நல்லவர் துன்புற்றால் ‘அவருக்கு இப்படி வந்திருக்க வேண்டாம்’ என்கின்றனர். காலந்தாழ்ந்து சிறப்புப் பெற்றவரைப் பற்றி ‘எப்பவோ கிடைச்சிருக்க வேண்டியது’ என்கின்றனர். மூன்றிலும் நிற்பது வேண்டு என்னும் வினை. அதனோடு வருவது, சொல்லியோ சொல்லாமலோ, நான்காம் வேற்றுமை ஏற்ற ஆள். பொருத்தத்தையும் தகுதியையும் தள்ளிவைத்து, நேர்ந்தாக வேண்டியதா இல்லையா என்பதை மட்டும் பேச்சு கேட்கிறது. கிடைக்கவேண்டிய, சேரவேண்டிய, வரவேண்டிய என்னும் எச்சத்தொடர்களும் இவ்வாறு அமைந்தவையே. பயனைப் பெறுபவரின் பக்கம் நின்று, அதன் அளவை வழங்குபவரிடம் விடாமல், எள்ளலுக்கும் இடந்தராமல் சொல்லும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. விருதுச் செய்தியின் ‘தகுதியான விருது’ என்பதை ‘அவருக்குக் கிடைக்கவேண்டிய விருது’ என மாற்றினால் கருதிய பொருள் முழுமையாகக் கிடைக்கிறது.

எனினும் அகராதிகளில் ‘சேரவேண்டிய’ என்பதைத் தலைச்சொல்லாகத் தேடினால் கிடைப்பது அரிது. அது சொல்லன்று, தொடர் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழ்ப் பெயரடை ஒன்றையே நேராக நிறுத்தவேண்டும் என்னும் அகராதி முறை, தமிழ் இப்பொருளை உணர்த்தும் மிக இயல்பான வழியைத் தன் பக்கங்களுக்கு வெளியே நிறுத்திவிட்டது. கடைக் கணக்கேடுகளில் வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி எனப் பிரித்து எழுதுபவர்கள் அவ்வழியைக் கைவிடவில்லை.